புழு பூச்சி

கல்யாணமாகி இரண்டு ஆடி கடந்தும் மசக்கை வராத பெண்ணைப் பற்றி எங்கள் நாகலாபுரம் பக்கம் ஒரு பேச்சு உண்டு: "வயித்துல ஒரு புழு பூச்சி தங்கலியே." இரக்கப்பட்டும் சொல்வார்கள், குத்திக்காட்டியும் சொல்வார்கள். பிள்ளை என்று சொல்ல வேண்டிய இடத்தில் புழுவையும் பூச்சியையும் கொண்டுவந்து வைக்கிறது வழக்கு. புழுவாவது தங்கக்கூடாதா என்ற ஆற்றாமை அதில் இருக்கிறது. அந்தப் புழுவுக்குக்கூட இவள் இடம் தரவில்லை என்ற குற்றச்சாட்டும் இருக்கிறது. இப்படிப் பேசுகிற ஊரில்தான் வளைகாப்புக்கு யாரை முன்வரிசையில் உட்கார வைப்பது, யாரை அடுப்படியில் நிறுத்துவது என்பதும் முடிவாகிறது.

மலடு என்ற சொல் மாட்டுக்கு உண்டு, மரத்துக்கு உண்டு, நிலத்துக்கு உண்டு, மலட்டாறு என்று ஆற்றுக்கும் உண்டு. மனிதர்களுக்கு வரும்போது மட்டும் பெண்ணிடம் போய் ஒட்டிக்கொள்கிறது. மலடன் என்ற சொல் அகராதியில் இருக்கிறது. தெருவில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? இந்தக் கட்டுரை அந்தச் சொல்லின் வரலாறு அல்ல. உண்மையான ஒரு புழு பூச்சியின் வரலாறு. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வுக்கூடங்களில் பால் புட்டிகளுக்குள் வளர்க்கப்பட்ட ஒரு சின்ன ஈ. மரபணு கெட்டுப்போவது என்றால் என்ன, கெட்டதால் யாருக்கு என்ன ஆகிறது என்று அறிவியல் அதனிடம்தான் கற்றுக்கொண்டது. அந்தப் பாடத்தின் முக்கியமான பக்கங்களை எழுதியவர்கள் பெண்கள்.

ஈயை முதலில் அடையாளம் கண்டுகொள்வோம். மாம்பழத்தையும் பாகற்காயையும் துளைத்து முட்டையிட்டுச் சம்சாரியின் வயிற்றில் அடிக்கிறதே, அந்தப் பழ ஈ அல்ல இது. கனிந்த வாழைப்பழத் தாரைச் சுற்றியும் புளித்த பதநீர்க் கலயத்தின் வாயிலும் கண்ணுக்கெதிரே ஆடுகிறதே, மூன்று மில்லிமீட்டர் கூட இல்லாத சிவப்புக் கண் ஈ, அது. கொசு என்றே பலரும் சொல்வார்கள். டிரோசோஃபிலா என்பது அதன் பேரினப் பெயர். முட்டையிலிருந்து ஈயாக வெளிவரப் பத்து நாள் போதும். ஒரு வருஷத்துக்குள் முப்பது தலைமுறையைப் பார்த்துவிடலாம். நம்மில் நான்கு தலைமுறையைக் கண்டவர்களுக்குக் கனகாபிஷேகம் செய்கிறோம்.

இந்த ஈயின் கதையை எல்லாப் பாடப்புத்தகங்களும் தாமஸ் ஹன்ட் மார்கனிடமிருந்து தொடங்குகின்றன. 1910இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருடைய புட்டியில் வெள்ளைக் கண்ணோடு ஒரு ஆண் ஈ வந்தது. 1933இல் நோபல் பரிசு வந்தது. அதற்கு முன்பே ஒருவர் இருந்தார். நெட்டி ஸ்டீவன்ஸ், 1861இல் பிறந்தவர். பள்ளி ஆசிரியராக உழைத்துப் பணம் சேர்த்து, முப்பத்தைந்து வயதில் பல்கலைக்கழகம் போய், நாற்பது தாண்டி முனைவர் பட்டம் வாங்கினார். 1905இல் மாவுப்புழு வண்டின் உயிரணுக்களை எண்ணிப் பார்த்தார். பெண்ணில் இருபது பெரிய குரோமோசோம்கள். ஆணில் பத்தொன்பது பெரியவை, ஒன்று மட்டும் சிறியது. அந்தச் சிறியது ஏறிய விந்தணுவில் பிறப்பது ஆண், ஏறாததில் பிறப்பது பெண். பிள்ளை ஆணா பெண்ணா என்பது தகப்பன் வழியில் தீர்மானமாகிறது என்று அவர் எழுதிவைத்து நூற்றியிருபது ஆண்டு ஆகிறது. பொட்டப்பிள்ளையாகப் பெற்றாள் என்று இன்னமும் மருமகளைத்தான் பேசுகிறோம். பழ ஈயின் குரோமோசோம்களையும் ஸ்டீவன்ஸ் ஆராய்ந்திருக்கிறார். 1912இல் மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனார்.

வெள்ளைக் கண் ஈக்கு வருவோம். சாதாரண ஈயின் கண் சிவப்பு. நிறமியைக் கண்ணுக்குள் கொண்டுசேர்க்கும் ஒரு மரபணு கெட்டதால் இந்த ஈயின் கண் வெளுத்தது. அந்த மரபணுவுக்கு வைத்த பெயர் 'வெள்ளை'. யோசித்தால் விசித்திரம்: கண்ணைச் சிவப்பாக்குவதற்காக இருக்கும் மரபணுவின் பெயர் வெள்ளை! ஈ ஆய்வாளர்களின் வழக்கம் அது. ஒன்று நன்றாக வேலை செய்யும்வரை அது இருப்பதே தெரியாது. கெட்ட பிறகுதான் கண்ணில் படும், கெட்டபோது தெரிந்த குறையே பெயராகிவிடும். சிறகு சுருங்கினால் அந்தப் பெயர், கண் இல்லாவிட்டால் அந்தப் பெயர். நன்றாக ஓடுகிற வீட்டில் அம்மாவின் வேலை தெரியாது, அவள் படுத்த அன்றைக்குத்தான் தெரியும் என்பதைப் போல.

மரபணு கெடுவதைத் தமிழ் மாணவிகளுக்கு ஏட்டை வைத்துச் சொல்லலாம். ஏடு பெயர்த்து எழுதுகிறவர் ஓர் எழுத்தை விட்டுவிட்டால் சில இடங்களில் பொருள் கெடாது, வாசிக்கிறவர் சரிசெய்துகொள்வார். மரபணுவை வாசிக்கும் உயிரணுவுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. அது மூன்று மூன்று எழுத்தாகப் பிரித்து வாசிக்கும். ஓரெழுத்து விழுந்தால் அதற்கப்புறம் எல்லாச் சீரும் தப்பிப்போகும். சில நேரம் நடுவிலேயே 'முற்றிற்று' என்று பொருள்படும் எழுத்துகள் வந்து விழும், வாசிப்பு அங்கேயே நின்றுவிடும். எழுத்து இருக்கும், பொருள் இருக்காது. இப்படிச் செயலிழந்து தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்படுவதைப் பொய் மரபணு என்கிறார்கள். பதிப்பாசிரியர்களுக்குத் தெரியும்: இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால் இரண்டுக்கும் மூல ஏடு ஒன்று. உயிரினங்களின் உறவுமுறையைக் கண்டுபிடிப்பவர்களும் அதே வழியில்தான் போகிறார்கள்.

பிழையைத் தானாக வரும்வரை காத்திராமல் உண்டாக்கவும் கற்றார்கள். 1927இல் ஹெர்மன் முல்லர் எக்ஸ் கதிரால் செய்தார். வேதிப்பொருளாலும் முடியும் என்று காட்டியவர் ஷார்லட் அவர்பாக். யூதர் என்பதற்காக 1933இல் பெர்லினில் ஆசிரியர் வேலையைப் பறித்தார்கள். எடின்பரோ போய்ச் சேர்ந்து, போர்க்காலத்தில் கடுகு வாயுவை ஈக்களுக்குக் காட்டிச் சடுதிமாற்றங்களை உண்டாக்கினார். ராணுவ ரகசியம் என்பதால் போர் முடிந்த பிறகே முடிவுகள் முழுமையாக அச்சேறின.

இனி நான் சொல்ல வந்த பெண். ஹெலன் ஸ்பர்வே. ஜே.பி.எஸ். ஹால்டேனின் இரண்டாவது மனைவி என்றுதான் இவரை நமக்கு அறிமுகப்படுத்துவார்கள், நானும் அப்படித்தான் முதலில் படித்தேன். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஹால்டேனின் மாணவி, பிறகு அங்கேயே விரிவுரையாளர். மீனும் ஈயும் வளர்த்தவர். 1956இல் குடித்திருந்த ஒரு இரவில் போலீஸ் நாயின் வாலை மிதித்ததற்காகக் கைதானார். அபராதம் கட்ட மாட்டேன் என்று சொல்லிச் சிறைக்குப் போனார். வேலையும் போயிற்று. 1957இல் இருவரும் கல்கத்தாவுக்கு வந்தார்கள், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு. பிறகு புவனேஸ்வர். 1964இல் ஹால்டேன் இறந்தார். ஸ்பர்வே இங்கிலாந்துக்குத் திரும்பவில்லை. 1978இல் ஹைதராபாத்தில் இறக்கும்வரை இந்த நாட்டில்தான் இருந்தார். 1910இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'ஜர்னல் ஆஃப் ஜெனிடிக்ஸ்' என்ற இதழ் இவர்களோடு கப்பலேறி வந்தது. இன்றும் பெங்களூரிலிருந்து வெளிவருகிறது. புவனேஸ்வரில் மாணவர் ஜெயகரோடு சேர்ந்து மஞ்சள் மூக்கு ஆள்காட்டியின் கூடுகளை வெயிலில் உட்கார்ந்து கவனித்து எழுதியிருக்கிறார். கோடையில் வெட்டவெளித் தரையில் முட்டையிடும் அந்தப் பறவை நம் கரிசலுக்கும் பழக்கமானது.

அதே இதழில் 1948இல், லண்டனில் இருந்தபோது, அவர் ஒரு கட்டுரை எழுதினார். டிரோசோஃபிலா சப்அப்ஸ்குரா என்ற ஐரோப்பிய ஈயில் கண்ட ஒரு சடுதிமாற்றம் பற்றியது. அதற்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'பேரப்பிள்ளை அற்றது'.

கதை இப்படி. ஒரு தாய் ஈ. அவளிடம் ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் கெட்டிருக்கின்றன. அவளுக்கு ஒரு குறையும் தெரியாது. பறக்கிறாள், கூடுகிறாள், முட்டையிடுகிறாள். மகன்களும் மகள்களும் பிறக்கிறார்கள், எல்லோரும் திடகாத்திரம். அவர்களும் கூடுகிறார்கள். அதோடு சரி. மகளின் சூலகத்தில் கரு முட்டை கிடையாது, மகனின் விந்தகத்தில் விந்தணு கிடையாது. வம்சம் அங்கே நின்றுவிடுகிறது.

காரணம் முட்டையின் கடைக்கோடியில் இருக்கிறது. பழ ஈயின் முட்டையைத் தாய் உருவாக்கும்போதே அதன் பின்முனையில் ஒரு பொதியைக் கட்டிவைக்கிறாள். கருவில் முதலில் பிரியும் சில உயிரணுக்கள் அந்தப் பொதியைத் தொட வேண்டும். தொட்டவைதான் பிற்காலத்தில் கருமுட்டையாகவோ விந்தாகவோ ஆகும். இந்த ஈயின் முட்டையில் அந்தத் தொடுகை நடப்பதில்லை. பிள்ளைக்கு உடம்பு முழுதும் அமைகிறது, அடுத்த தலைமுறைக்கான விதை மட்டும் அமையவில்லை.

இதைப் படிக்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். "பார்த்தீர்களா, தாய் செய்த குறைதான்" என்று நம் ஊர் மாமியார் சொல்லக்கூடும். ஆனால் யாரிடம் என்ன இருக்கிறது என்று கணக்குப் பாருங்கள். இரண்டு பிரதியும் கெட்டவள் தாய். அவள் பிள்ளைகுட்டிக்காரி, வளைகாப்பில் முன்வரிசை அவளுக்குத்தான். அவள் நல்ல ஆண் ஈயோடு கூடியிருந்தால், பிறந்த மகளுக்குத் தகப்பன் வழியாக ஒரு நல்ல பிரதி கிடைத்துவிடுகிறது. அந்த மகளுடைய மரபணு சரியாகவே இருக்கிறது. மலடி என்ற பெயர் வாங்குபவள் அவள்தான். தாய்க்கு மட்டும் எப்படிப் பிள்ளை பிறந்தது என்றால், அவளுடைய தாயிடம் ஒரு நல்ல பிரதி இருந்தது, பொதியை ஒழுங்காகக் கட்டி அனுப்பியிருந்தாள். பாட்டி, தாய், மகள் என்று மூன்று பேரையும் சேர்த்து நிறுத்தினால்தான் இந்தக் குறை புரியும். ஒருத்தியின் வயிற்றைச் சுட்டிக்காட்டிச் சொல்கிற சொல்லால் இதைத் தொடவே முடியாது. ஸ்பர்வேயின் கட்டுரைத் தலைப்பிலேயே மரபணுவின் செயல் வெளிப்படுவதில் நேரும் தாமதம் என்றுதான் இருக்கிறது.

ஸ்பர்வேக்கும் ஹால்டேனுக்கும் பிள்ளைகள் இல்லை. இந்தத் தகவலை அந்தக் கட்டுரையோடு முடிச்சுப்போடும் ஆசை வாசிக்கிறவருக்கு வரும், எனக்கும் வந்தது. அதே வீட்டில் இருந்த ஹால்டேனின் சமன்பாடுகளை அவருடைய பிள்ளையின்மையோடு சேர்த்து யாரும் வாசிப்பதில்லை என்பது நினைவுக்கு வந்ததும் விட்டுவிட்டேன்.

1980களில் இதே பொதியைக் கட்டும் வேறு மரபணுக்களைச் சாதாரணப் பழ ஈயில் தேடிப்பிடித்தார்கள். ட்ரூடி ஷூப்பாக்கும் எரிக் வீஷவுஸும் அந்த வேட்டையில் முன்னணியில் இருந்தவர்கள். கிடைத்த மரபணுக்களின் பெயர்கள்: வாசா, வலுவா, ஷ்டவுஃபன், டியூடர். எல்லாம் ஐரோப்பாவில் வாரிசற்று முடிந்துபோன அரச குலங்கள். எட்டாம் ஹென்றியின் டியூடர் குலம் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆண் வாரிசுக்காக எத்தனை மனைவியரை விலக்கினான், யார் யார் தலை உருண்டது என்பதும் தெரியும். குறை ஒன்றுதான். குடியானவப் பெயர் வைத்தால் 'பேரப்பிள்ளை அற்றது', ராஜ பெயர் வைத்தால் டியூடர். வாசா மரபணுவின் வடிவம் மனிதரிடமும் இருக்கிறது, ஆணிடமும் பெண்ணிடமும். ஆனால் மதுரைக்குப் போகும் வழியெல்லாம் நிற்கிற கருத்தரிப்பு மைய விளம்பரங்களைப் பார்த்துச் செல்லும் குடும்பத்தில் முதல் பரிசோதனைக்கு யார் கையை நீட்டுவார்கள் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆண் பக்கமும் ஒரு பார்வை. டிரோசோஃபிலா மிரண்டா என்ற ஈயில் பத்துப் பதினைந்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு சாதாரணக் குரோமோசோம் ஒய்யோடு போய் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அது தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிறது. ஆண் ஈயில் குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதில்லை. ஆகவே ஒரு பிழை ஏறினால் இறக்கிவைக்க வழியில்லை. டோரிஸ் பாக்ட்ராக்கும் அவருடைய குழுவினரும் எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்தபோது அதன் மரபணுக்களில் பல செயலிழந்து கிடந்தன. இதன் தொடக்க நிலையைக் காட்டும் இன்னொரு ஈ அல்போமிகன்ஸ். அதில் இந்த ஒட்டு மிகப் புதிது. அதையும் நம் நாட்டு நசூட்டா ஈயையும் கலந்து வளர்த்து, ஆறு குரோமோசோமும் எட்டுக் குரோமோசோமும் சந்தித்தால் என்ன நடக்கும் என்று மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கிருஷ்ணமூர்த்தியும் ரங்கநாத்தும் பல்லாண்டு ஆராய்ந்தார்கள். புட்டிக்குள்ளேயே புதுப்புதுக் குரோமோசோம் அமைப்புகள் நிலைத்தன. ஒய் சிதைகிறது என்ற செய்தி வரும்போதெல்லாம் ஆண்களைப் பார்த்துச் சிரிக்கும் கட்டுரைகள் வருகின்றன. எனக்கு அதில் உற்சாகம் இல்லை. குறையை உடம்புக்குப் பெயராகச் சூட்டும் வேலையை நாம் எதற்கு எடுத்துச் செய்ய வேண்டும்?

நாவும் மூக்கும் கெட்ட ஈக்களைத் தேடிய கதை பம்பாயில் நடந்தது. வெரோனிகா ரோட்ரிக்ஸ் 1953இல் நைரோபியில், கோவாவைப் பூர்வீகமாகக் கொண்ட பெற்றோருக்குப் பிறந்தார். கம்பாலாவில் தொடங்கிய படிப்பை டப்ளினில் முடித்துவிட்டு, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒபைத் சித்திக்கியிடம் மாணவியாகச் சேர்ந்தார். இனிப்பு அறியாத ஈ, கசப்பை ஒதுக்காத ஈ என்று ஆயிரக்கணக்கானவற்றிலிருந்து பொறுக்கி எடுத்து, எந்த மரபணு கெட்டால் எந்தச் சுவை போகிறது என்று வகுத்தார்கள். 1978இல் இந்திய அறிவியல் கழகத்தின் இதழில் அது வெளியானது. சுவையும் மணமும் மரபணுவில் எழுதப்பட்டிருக்கும் விதத்தைத் தேடிய முன்னோடி வேலைகளில் ஒன்று அது. அந்தத் துறைக்கே பின்னால் தலைவரானார், பெங்களூரில் இளம் ஆய்வாளர்கள் பலரை உருவாக்கினார். 2010இல் இறந்தார். ஸ்டீவன்ஸைக் கொண்டுபோன அதே நோய்.

ஆய்வுக்கூடத்தில் ரோட்ரிக்ஸ் கெடுத்துப் பார்த்ததை இயற்கை ஒரு தீவில் தானாகவே செய்திருக்கிறது. சீஷெல்ஸ் தீவுகள். நம் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துத் தமிழர் பலர் பிழைக்கப்போன இடம். அங்கே மட்டும் வாழ்கிறது டிரோசோஃபிலா செஷெலியா. அதன் உணவு நோனிப் பழம். நம் காட்டு வரப்புகளில் நிற்கிற மஞ்சணத்திக்கு நெருங்கிய சொந்தம் அது. மஞ்சணத்தி கறுத்துக் கனிந்தால் பிள்ளைகள் பறித்துத் தின்பார்கள். நோனியைக் கிட்டத்தில் கொண்டுபோக முடியாது, அப்படி நாறும். அதிலுள்ள அமிலம் மற்றப் பழ ஈக்களைக் கொன்றுவிடும். செஷெலியாவுக்கு மட்டும் அதுதான் சாப்பாடு, அதுதான் பிரசவ அறை.

2007இல் கரோலின் மெக்பிரைடு இந்த ஈயின் சுவை, மண மரபணுக்களைச் சொந்தக்கார ஈயான சிமுலன்ஸின் மரபணுக்களோடு ஒப்பிட்டார். செஷெலியா அவற்றைப் பத்து மடங்கு வேகமாக இழந்துகொண்டிருந்தது. எழுத்து விழுந்தவை, நடுவில் 'முற்றிற்று' வந்தவை. கசப்பை அறியும் மரபணுக்கள் அதில் முக்கியமானவை. ஒரே பழத்தைத் தின்று வாழும் ஈக்குப் பல கசப்புகளைப் பிரித்தறியும் நாக்கு எதற்கு? காக்க அவசியமில்லாத ஏட்டைச் சிதல் தின்றால் யாரும் அழுவதில்லை. ஈக்களின் எண்ணிக்கை குறைவு என்பதும் ஒரு காரணம். சின்ன ஊரில் ஒரு தவறு எல்லோருடைய வழக்கமாகிவிடுவது சுலபம். நாமும் இதற்கு விலக்கல்ல. வைட்டமின் சி-யை உடம்பிலேயே செய்துகொள்ளும் மரபணு நமக்கும் குரங்குகளுக்கும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே கெட்டுவிட்டது. ஆடும் மாடும் செய்துகொள்கின்றன, நாம் நெல்லிக்காய் தின்கிறோம். அதற்காக நம்மை யாரும் ஊனம் என்று அழைப்பதில்லை; எல்லோருக்கும் சேர்ந்து கெட்டது, கைக்கெட்டும் இடத்தில் காய் இருந்தது.

செஷெலியாவின் சூலகம் பற்றித்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும். இந்த ஈ மற்றச் சொந்தங்களைவிடக் குறைவாகவே முட்டையிடும். ஆய்வுக்கூடத்தில் சாதாரண ஈ உணவைக் கொடுத்து வளர்த்தால் இன்னும் குறையும், முட்டைகள் பாதியில் நின்றுபோகும். நோனிப் பழத்தை வைத்தால் முட்டையிடத் தொடங்கிவிடும். 2014இல் ஜெர்மனியின் யேனா நகரில் சோஃபியா லவிஸ்டா-லானோஸும் உடன் ஆய்வாளர்களும் காரணத்தைக் கண்டார்கள். கேட்ஸப் என்ற மரபணுவில் ஒரு சடுதிமாற்றம். அதனால் டோபமைன் என்ற பொருளை இந்த ஈயின் உடம்பால் போதிய அளவு செய்ய முடிவதில்லை. அது இல்லாமல் முட்டை முதிர்வதில்லை. டோபமைனுக்கு மூலப்பொருள் எல்-டோபா. நம் வேலிகளில் படரும் பூனைக்காலி விதையில் இருப்பது, நடுக்குவாதக்காரர்களுக்கு மாத்திரையாகக் கொடுப்பது. அது நோனிப் பழத்தில் இருக்கிறது. உடம்பு செய்ய மறந்ததை மரம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. முட்டைகளும் சொந்தங்களின் முட்டைகளைவிடப் பெரியவை.

சரிபார்க்க ஒரு சோதனை செய்தார்கள். நோனி இல்லாத உணவில் எல்-டோபாவை மட்டும் கலந்து அந்த ஈக்களுக்கு வைத்தார்கள். மரபணு கெட்டது கெட்டபடியே இருந்தது. முட்டைகள் வந்தன.